வாத்தும் எருமையும்

ரொட்டிக் கடைப் பெண்ணுக்கு என் பேத்தி வயதுதான் இருக்கும். சில்லறையைக் கொடுத்துவிட்டு, "தேங்க்யூ, மீ டக்" என்றாள். என் வாத்தே என்கிறாள். வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து இது மூன்றாவது வாத்து. பஸ் டிரைவர் ஒன்று, மருந்துக் கடைக்காரர் ஒன்று. நான் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தின் டைம் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்று அவளுக்கு விளக்கினேன். "லவ்லி, டக்" என்றாள். நான்கு.

டெர்பிஷயரில், நிலக்கரிச் சுரங்கம் மூடிப்போன ஓர் ஊரில், மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே வாத்து என்றால் நம் கண்ணு, ராசா மாதிரியாம். அது பறவையே இல்லை, தலைவனைக் குறித்த பழைய சொல்லின் மிச்சம் என்று பக்கத்து வீட்டுக்காரர் அடித்துச் சொல்கிறார். வெறும் வாத்துதான் என்கிறார் அவர் மனைவி. முடிவு தெரியாமலே இருவரும் ஒருவரையொருவர் வாத்து என்று அழைத்துக்கொள்கிறார்கள்.

எனக்கும் ஒரு பிராணி உண்டு. எங்கள் ஊர்ச் சுரங்கமான சாம்பியன் ரீப்ஸில் ஷிப்ட் முடிந்து கேஜில், அதாவது கூண்டு லிஃப்டில், மேலே வருகிறவர்களை எண்ணுவது என் வேலை. இறங்கிய தலைகளும் ஏறிய தலைகளும் ஒத்துப்போகும்வரை கேட்டை மறித்து நிற்பேன். பாறையில் துளை போடும் முனுசாமி, "நவுருடா எருமை, பசிக்குது" என்பான். மேலதிகாரிகளுக்கு மட்டும்தான் வாங்க, போங்க, சார். அவர்களுக்கான பிராணிகள் அவர்கள் தலை மறைந்த பிறகு வரும்.

இங்கே வந்த பிறகும் ஞாயிறுதோறும் முனுசாமி போன் செய்வான். "இன்னாடா எருமை, துன்னியா?" ஒருநாள் ஸ்பீக்கரில் அதைக் கேட்ட வெள்ளைக்கார மருமகன் அர்த்தம் கேட்டார். மகள் சொன்னாள். ஏற்கெனவே வெளுத்த முகம் இன்னும் வெளுத்தது. ஊரையே வாத்து என்று கூப்பிடுகிறவருக்கு எருமை அவமானமாகப் பட்டது. மகள் போனைப் பிடுங்கி, "மாமா, இனிமே அப்பாவ அப்படிக் கூப்பிடாதீங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு, "நல்லா இருக்கீங்களா சார்?" என்றான். அதன் பிறகு எல்லா ஞாயிறும் சார்தான். உயிரோடு இருக்கும்போதே என்னைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டான்.

சுரங்கத் தூசி தின்ற நுரையீரல் அவனுக்கு. கடைசிவரை நான் சாராகவே இருந்துவிடுவேனோ என்ற பயத்தில் போன மாதம் ஊருக்கு டிக்கெட் எடுத்தேன். "வாங்க சார், ஒக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். எனக்கென்று பாட்டில் தண்ணீர் வாங்கி வைத்திருந்தாள் அவன் மனைவி. அந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் வளர்ந்த உடம்பு இது. தங்கியிருந்த நாளெல்லாம் சார், சார்.

கிளம்பும் நாள், பெங்களூர் விமான நிலையத்துக்குப் போகக் கார் வந்து ஹாரன் அடித்தது. நான் அவன் வீட்டு வாசலை மறித்து நின்றேன்.

"கார் வந்திடுச்சி சார்."

நின்றேன்.

"பிளேன் பூடும் சார்."

நின்றேன். அவனுக்கு இருமல் வந்தது. அடங்கியதும் இரண்டு கையாலும் என் முதுகைத் தள்ளினான்.

"நவுருடா எருமை! இன்னும் எவன்டா மேல வரணும்?"

நகர்ந்தேன்.

இப்போது ரொட்டிக் கடைப் பெண் "டக்" என்றால் திரும்பிப் பார்க்கிறேன். ஆனால் வெளியே வரும்போது கடை வாசலில் என்னை அறியாமல் நின்றுவிடுகிறேன். பின்னால் வருகிறவர்கள், "ஸாரி, டக்" என்று ஒதுங்கிப் போகிறார்கள். எல்லோரும் நல்லவர்கள். ஒருவரும் தள்ளுவதில்லை.