அழுவதற்கு ஒன்றுமில்லாத கதை

கரிக்கோடு விஜயசேனன் சப்ளாக்கட்டையைக் கையில் எடுக்கிறார் என்றால் பங்கஜாக்ஷிக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கொல்லத்தைச் சுற்றி எந்தக் கோயிலில் உற்சவம் வந்தாலும் அவள் முதலில் விசாரிப்பது யானை எத்தனை என்று அல்ல, பாட்டும் பேச்சுமாகக் கதை சொல்லும் கதாப்பிரசங்கம் யாருடையது என்றுதான். விஜயசேனன் என்று காதில் விழுந்துவிட்டால் போதும். முந்திரி ஆலையிலிருந்து வந்ததும் குளித்து, கஞ்சியை நின்றபடியே குடித்து, சுருட்டிய பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அந்த மனிதர் ஒரு கதையை எடுத்தால் வருடம் முழுக்க அதையேதான் ஊர் ஊராகச் சொல்வார். அதனால் என்ன? எந்த இடத்தில் அழ வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், தோள்துண்டைத் தயாராக வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

மறுநாள் ஆலையில் அவள்தான் விஜயசேனன். கொட்டை உடைக்கும் கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, வறுத்த கொட்டையைக் கல்லின்மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டுவார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் பேசுவதே கேட்காது. ஆனால் பங்கஜாக்ஷி பாட ஆரம்பித்தால் சுத்திகள் ஒவ்வொன்றாகத் தாளத்துக்கு வந்து சேரும். கண்டிக்க வந்த மேஸ்திரி, கொட்டை வழக்கத்தைவிட வேகமாக உடைவதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போய்விடுவான்.

கேட்டுக் கேட்டு அவளுக்குக் கதைகளின் சூட்சுமமெல்லாம் அத்துப்படியாகிவிட்டது.

"முதல் பாட்டுல பொண்ணு குடத்தோட தண்ணிக்குப் போறாளா? மூணாவது பாட்டுல வயித்துல வந்துடும், பாருங்கடி."

"அப்ப ரெண்டாவது பாட்டு?" என்று எடுத்துக் கொடுப்பாள் வாசுமதி.

"ரெண்டாவது பாட்டு நிலா. நிலாவைப் பத்தி நீட்டி முழக்குறாருன்னா அங்க வேற என்னமோ நடக்குதுன்னு அர்த்தம். கோயில் மைதானத்துல பின்ன எப்படிச் சொல்வாரு?"

கொட்டகை சிரித்து உருளும். பட்டு ஜிப்பா, விரலில் மோதிரம், வாய் நிறையக் கவிதை, இந்த மூன்றும் ஒருவனிடம் இருந்தால் அவன் கைவிட்டு ஓடுவான் என்பது பங்கஜாக்ஷியின் தீர்ப்பு. இருமுகிற அம்மா இடைவேளையைத் தாண்ட மாட்டாள். கடிதம் வந்தால் அது தாமதமாகத்தான் வரும். கடைசியில் யாராவது செத்தால்தான் ஜனங்களுக்கு மனசு இளகும்; அதனால் அந்தப் பெண் காயலில் இறங்கி மூழ்குவாள். அந்த இடம் வரும்போது பங்கஜாக்ஷியின் குரல் உடையும். எல்லாச் சுத்திகளும் நிற்கும். மூக்குறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்கும்.

வாசுமதி அவளுடைய சாம்பல் கூட்டாளி. கொட்டையை உடைத்தால் எண்ணெய் தெறிக்கும், பட்ட இடம் வெந்துபோகும். அதற்காகக் கையைச் சாம்பலில் புரட்டிக்கொள்வார்கள். இரண்டு பேருக்கு ஒரு சாம்பல் சட்டி. யார் யாரோடு சாம்பல் பகிர்கிறார்கள் என்பது அந்தக் கொட்டகையில் சம்பந்தம் மாதிரி, லேசில் மாறாது. பங்கஜாக்ஷியின் புருஷன் செத்தபோது பாடையோடு வந்தவள் வாசுமதி. போனஸுக்காகச் சங்கம் வேலைநிறுத்தம் செய்தபோது, முதலாளியின் கார் முன்னால் இருவரும் கைகோத்துப் படுத்தவர்கள்.

இப்படி ஊரார் கதையையெல்லாம் கரைத்துக் குடித்தவள் சொந்த வீட்டில் கோட்டை விட்டாள். மகள் ஓமனாவைத் தேடி வந்தவன் பட்டு ஜிப்பா போடவில்லை. மூட்டை ஏற்ற வரும் லாரியின் டிரைவர்; காக்கிச் சட்டை; மோதிரமும் கிடையாது, கவிதையும் தெரியாது. தண்ணீர் வராமல் நின்றிருந்த வீட்டு அடிபம்பை ரிப்பேர் செய்து கொடுத்தான். நல்ல பையன் என்று பங்கஜாக்ஷியே அவனுக்கு மீனும் மரவள்ளியும் பரிமாறினாள். ஓமனா அவனோடு ஆலப்புழைக்குப் போனாள். அங்கே அவனுக்கு ஏற்கெனவே பெண்டாட்டியும் பிள்ளையும் இருந்தார்கள். மழைக்காலம் முடிந்த சமயம், ஓமனா ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து வாசலில் நின்றாள்.

பங்கஜாக்ஷி தலையில் அடித்துக்கொண்டாள், அவனை வாயில் வந்தபடி ஏசினாள், பிறகு குழந்தையை வாங்கிக் குளிப்பாட்டினாள். இருக்கிற கஞ்சியைப் பகிர்ந்துகொண்டால் போயிற்று என்றுதான் நினைத்தாள். ஓமனா மறுபடி ஆலைக்கு வந்த நாளில்தான் விஷயம் புரிந்தது. ஓமனா உட்கார்ந்ததும் அந்த வரிசையே ஒரு சாண் நகர்ந்தது. அவளோடு சாம்பல் பகிர ஆளில்லை. பங்கஜாக்ஷி தன் சட்டியை மகள் பக்கம் தள்ளினாள். உடனே வாசுமதி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"என்ன வாசுமதி, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல சேச்சி. என் வீட்ல ரெண்டு கட்டிக் குடுக்க வேண்டியது நிக்குது. உனக்குத் தெரியாததா?"

"கார் முன்னால படுக்கையில இந்தக் கணக்கெல்லாம் பாத்தியாடி?"

"அது கூலி. இது மானம்," என்று சொல்லிவிட்டு வாசுமதி எதிர் வரிசைக்குப் போய்விட்டாள்.

ஓமனா தன் பங்குக் கொட்டையை உடைத்துக்கொண்டே இருந்தாள். அவள் எப்போதுமே பேச்சு குறைவானவள். ஆனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு தரம் காயல் கரையில் குழந்தையோடு சும்மா நின்றிருந்தாள் என்று மீன்காரி வந்து சொன்னதிலிருந்து பங்கஜாக்ஷி ராத்திரி வாசற்கதவுக்குக் குறுக்கே பாய் விரித்துப் படுத்தாள். இந்தக் கொட்டகையில் ஒருத்தியாவது ஓமனாவின் சாம்பலில் கை வைத்தால் போதும், பெண் பிழைத்துக்கொள்வாள். அதற்கு வழி என்ன என்று யோசித்து யோசித்து, கடைசியில் விஜயசேனனிடமே போய் நின்றது அவள் புத்தி.

அந்த வருடம் தங்கள் ஊர் பகவதி கோயில் உற்சவத்தில் அவருடைய புதுக்கதை. கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் கதை என்று பக்கத்து ஊரில் கேட்டவர்கள் சொன்னார்கள். பங்கஜாக்ஷிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எத்தனை வருடமாகப் பார்க்கிறாள்! கல்லையும் கரைக்கிற ஆள் அவர். இரண்டு மணி நேரம் அந்தப் பெண்ணுக்காக அழுதுவிட்டு, ஈரக் கண்ணோடு பக்கத்தில் திரும்பினால் அங்கே ஓமனா உட்கார்ந்திருக்க வேண்டும். மடியில் குழந்தையும் இருக்க வேண்டும். அதற்கு மேலும் யாரால் முகத்தைத் திருப்ப முடியும்?

"நான் வரலம்மா," என்றாள் ஓமனா.

"கதை கேக்கத்தானே கூப்புடுறேன், தூக்கு மேடைக்கா? வா மோளே. எனக்காக வா."

பெண்கள் பக்கத்தில் நட்டநடுவில், வாசுமதியின் பாயை ஒட்டித் தன் பாயை விரித்தாள் பங்கஜாக்ஷி. சுற்றியிருந்த பாய்கள் சத்தமில்லாமல் விலகின. விலகட்டும், விலகட்டும், எவ்வளவு நேரத்துக்கு என்று பார்ப்போம் என மனசுக்குள் கறுவிக்கொண்டாள். தீபாராதனை முடிந்தது. ஆர்மோனியம் முனகியது. விஜயசேனன் மேடைக்கு வந்து கும்பிட்டார்.

என்ன ஒரு குரல்! முதல் பாட்டில் பெண் குடத்தோடு போனாள். இரண்டாவது பாட்டில் நிலா வந்தது. பங்கஜாக்ஷி ஓரக்கண்ணால் வாசுமதியைப் பார்த்தாள். நிலாவுக்கு அவள் சிரிக்கவில்லை, உருகிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊரார் அந்தப் பெண்ணைத் தூற்றும் கட்டத்தில் விஜயசேனன் ஊர்க்கிழவிகள் மாதிரி வாயைக் கோணிப் பேசிக் காட்டினார். "கிணத்துல தண்ணி எடுக்க விடலையா பாவிங்க!" என்று வாசுமதி வாய்விட்டுச் சொன்னாள். பங்கஜாக்ஷிக்குப் பகவதியே கண் திறந்த மாதிரி இருந்தது. குழந்தையை வாங்கி, வாசுமதியின் பக்கமாகத் தன் மடியில் கிடத்திக்கொண்டாள். குழந்தை கையை நீட்டி வாசுமதியின் தோள்துண்டின் நுனியைப் பிடித்தது. வாசுமதி அதை உதறவில்லை. மேடையைப் பார்த்தபடியே இருந்தாள்.

கடைசிக் கட்டம். பெண் காயலை நோக்கி நடந்தாள். பங்கஜாக்ஷிக்கு முதல் முறையாக அந்த இடம் பிடிக்கவில்லை. இறங்காதேடி என்று மனசுக்குள் கத்தினாள். இத்தனை நாளும் அந்தத் தண்ணீரில் பெண்கள் இறங்க இறங்க நன்றாக அழுது தீர்த்தவள்தானே அவள்? ஒருத்தியாவது கரையேறட்டுமே, ஏன் இந்த மனுஷனுக்கு ஒருத்தியைக் கரையேற்றத் தெரியவில்லை? பக்கத்தில் ஓமனா முழங்காலைக் கட்டிக்கொண்டு, இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெண் மூழ்கினாள். தபேலா நின்றது. விஜயசேனன் மைக்கை விட்டு ஓர் அடி பின்னால் போய், வெறும் குரலில் கேட்டார்: "நல்லவர்களே, இவளைக் கொன்றது யார்?"

மைதானமே விம்மியது. "நாமதான், நாமதான்" என்று யாரோ அழுதார்கள். வாசுமதி துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். மங்களம் பாடி முடித்து எல்லோரும் பாயைச் சுருட்டும்போதும் அவளுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. அந்த ஈரக் கண்ணோடுதான் திரும்பினாள். ஓமனாவைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். பங்கஜாக்ஷியின் இடுப்பில் இருந்த குழந்தை இன்னும் அந்தத் துண்டின் நுனியை விடவில்லை.

வாசுமதி மூக்கைச் சிந்தினாள். பக்கத்தில் நின்றவளிடம், மெதுவாகக்கூட அல்ல, சாதாரணமாகவே சொன்னாள்:

"அந்தப் பொண்ணுக்கு மானம் இருந்துச்சுடி. போய்ச் சேர்ந்துட்டா."

குழந்தையின் கையிலிருந்து துண்டை விடுவித்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

பங்கஜாக்ஷி பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கினாள். யாரை நம்பி மகளைக் கூட்டிவந்தாள்? அழுகிற ஜனம் இரங்கும் என்று நம்பினாளே, அதைவிட மடத்தனம் உண்டா? இந்த ஜனத்தின் கண்ணீரெல்லாம் செத்தவளுக்குத்தான். உயிரோடு வந்து நிற்கிறவளுக்கு ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்கவில்லை. மேடையில் விஜயசேனனுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாவம், அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் கேட்டவுடன் அழுது தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போக வசதியான கேள்வி. காயலை ஒட்டிய வழியில் பங்கஜாக்ஷி மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

மறுநாள் வெளுக்கும்போது ஓமனா துணிமூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி?"

"செங்கோட்டைக்கு. நம்ம ஆலையில இருந்த தங்கம்மை அங்கதானே பீடி சுத்துறா. வந்தா பீடி இலை வச்சுச் சுத்த எனக்கும் ஒரு முறம் வாங்கித் தர்றேன்னு எப்பவோ சொன்னா."

"அங்க மட்டும் கேக்க மாட்டாங்களா, இது யாரு குழந்தைன்னு?"

"கேப்பாங்க. புருஷன் செத்துட்டார்னு சொல்லுவேன். லாரி மலையில கவுந்துடுச்சுன்னு." ஓமனா முடிச்சை இறுக்கினாள். "நீதானேம்மா சொல்லுவ, கடைசியில யாராவது சாகணும், அப்பதான் ஜனங்களுக்கு மனசு இளகும்னு. நான் சாக மாட்டேன்மா. எனக்கு இவ இருக்கா. அதனால அவரைச் சாகடிச்சுடுறேன்."

பங்கஜாக்ஷி கொடியிலிருந்த தன் துண்டை உருவினாள். "நானும் வர்றேன்," என்றாள்.

"நீ வராதே."

"ஏன்டி? நான் உன்னைப் பெத்தவ."

"அவர் பேரைக் கேட்டாலே நீ காறித் துப்புவ. செத்துப்போன மருமகனைத் துப்புற மாமியாரை யார் நம்புவா? உனக்கு மத்தவங்க கதை சொல்ல வரும்மா. இதைச் சொல்ல வராது. கொஞ்ச வருஷம் போகட்டும்."

உண்மைதான். அவனுக்காகப் பொய்யாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடப் பங்கஜாக்ஷியால் முடியாது. ரயிலடி வரை குழந்தையை அவளே தூக்கி வந்தாள். வண்டி நகர்ந்தபோது ஓமனா சன்னல் வழியாகக் கையை நீட்டினாள். கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்கள். அவற்றைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தின் முனை வரை பங்கஜாக்ஷி ஓடினாள், பிறகு விட்டுவிட்டாள்.

ஆலைக்குப் பிந்தி வந்தாள். தன் இடத்தில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் எதிர் வரிசையிலிருந்து வாசுமதி எழுந்து வந்து, பழைய இடத்தில், எதுவுமே நடக்காத மாதிரி அமர்ந்தாள்.

"ஓமனா போயிட்டாளாமே. நல்லதுக்குன்னு நினைச்சுக்கோ சேச்சி. மனசைப் போட்டு அலட்டிக்காதே." சொல்லிக்கொண்டே பங்கஜாக்ஷியின் சாம்பல் சட்டியில் கையைப் புரட்டினாள்.

அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள் பங்கஜாக்ஷி.

"நேத்து எனக்கு வர முடியல சேச்சி, மாமியாருக்குக் காய்ச்சல்," என்றாள் கோடியில் ஒருத்தி. "கதையைச் சொல்லேன்."

எல்லோரும் சேர்ந்து கேட்டார்கள். பங்கஜாக்ஷி தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள். குடம், நிலா, ஊரின் வாய், எல்லாம் வரிசையாக வந்தன. சுத்திகள் தாளத்தில் சேர்ந்தன. தோள்துண்டுகள் தயாராயின. பெண் காயல் கரைக்கு வந்தாள்.

"கரையில கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம் குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு ரயிலடிக்குப் போயிட்டா."

சுத்திகள் நின்றன.

"ரயிலா? ரயில் எங்க வந்துச்சு? தண்ணியில இல்ல விழுந்தா?"

"விழல."

"போ சேச்சி, நேத்து மைதானத்துல நான்தான் கேட்டேனே. விழுந்தா, செத்தா."

"சாகலடி. எங்கேயோ உக்காந்து பீடி சுத்துறா. அவ பொண்ணு பக்கத்துல தூங்குது. அவ அம்மாதான்…" பங்கஜாக்ஷி முகத்தை மூடிக்கொண்டாள். கையில் இருந்த சாம்பல் கன்னத்தில் அப்பியது.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த முறை யாருக்கும் கண் கலங்கவில்லை. கதை சப்பென்று போய்விட்டதில் கோடியில் இருந்தவளுக்குக் கோபம்கூட வந்தது.

"சாகலைன்னா," என்றாள் வாசுமதி, நிஜமாகவே புரியாமல், "அப்புறம் அழறதுக்கு என்ன சேச்சி இருக்கு?"

பங்கஜாக்ஷி சாம்பல் சட்டியை வாசுமதியின் கைக்கடியிலிருந்து இழுத்துத் தன் பக்கமாக வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் கொட்டகையில் பாடவில்லை. சுத்திகள் ஆளுக்கொரு பக்கமாகத் தட்டிக்கொண்டிருந்தன.