பானெட்டுக்கு அந்தப் பக்கம்

தெருவில் அவளுக்கு 'நம்பர் ப்ளீஸ்' என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாளே தவிர கோபித்துக்கொள்ள மாட்டாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பலகையில் வயரைச் செருகிச் செருகி, பேச வேண்டியவர்களை எல்லாம் சேர்த்து வைத்து ஓய்வு பெற்றவள். யார் வீட்டுக் கல்யாணம் கூடியதும், யார் வீட்டுக் கல்யாணம் நின்றுபோனதும் அவள் காது வழியாகத்தான் போயின. வேலையில் இருந்தவரை காதுக்கு ஓய்வே கிடையாது. வீட்டுக்கு வந்தால் காதுக்கு வேலையே கிடையாது.

வீட்டுக்காரர் அப்படிப்பட்ட மனிதர். ஆலையில் பாய்லர் பக்கத்தில் நின்று நின்று இரைச்சலில் ஊறிப்போனவர். வீட்டிலாவது சத்தமில்லாமல் இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது. "வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்று கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் அன்றைய பேச்சுவார்த்தை. கெட்டவர் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாது. குடி இல்லை, கை நீட்டியதில்லை, சாப்பாட்டில் குறை சொன்னதில்லை. நன்றாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை, அது வேறு விஷயம். எனக்கு இந்த மாதிரி நல்லவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். சண்டை போடக்கூட ஒரு பிடி கொடுக்க மாட்டார்கள்.

லீவு நாள் என்றால் அவருக்கு அந்தப் பழைய வெள்ளைக் கார் போதும். காலையில் பானெட்டைத் தூக்கினால் மதியம்வரை தலை அதற்குள்தான். "என் சக்களத்தியோட குலாவப் போயிட்டார்" என்பாள் அவள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி. அவருக்கும் கேட்கும். அதற்கும் சிரிப்புதான்.

அவளுக்கும் ஓட்டத் தெரியும், ஆனால் காரைப் பழுது பார்க்கிற வேலையில் அவளுக்குப் பங்கு வருஷத்தில் ஒரு நாள் மட்டும்தான். அது ரேடியேட்டரில் பழைய தண்ணீரை இறக்கிவிட்டுப் புதிது ஊற்றுகிற நாள். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். அவர் முன்னால் பானெட்டுக்கு அந்தப் பக்கம். அவள் டிரைவர் சீட்டில், குள்ளம் என்பதால் அடியில் ஒரு நீலத் தலையணை போட்டு. "முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காதே" என்பார். சூடு காட்டுகிற முள். அது ஏற ஏற அவள் "கால்... கால் தாண்டிச்சு... பாதி" என்று சொல்ல வேண்டும். அவர் "கொடு" என்றால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க வேண்டும், "விடு" என்றால் விட வேண்டும். ஒரு வருஷத்தில் அவர் அவளிடம் அதிகமாகப் பேசிய நாள் எது என்று கேட்டால் அந்த நாள்தான். பேசியது இரண்டே வார்த்தை என்றாலும் பேச்சு பேச்சுதானே.

கால் மரத்துப்போகும். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்திருப்பாள். "இன்னும் எவ்வளவு நேரங்க?" என்று கத்துவாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு. உக்காரு."

"அங்க அப்படி என்னதான் பாத்துட்டிருக்கீங்க?"

"பாக்க வேண்டியதைத்தான்."

தூக்கிய பானெட் முன்கண்ணாடியை மறைத்துக்கொண்டு சுவர் மாதிரி நிற்கும். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் முள்தான்.

அவர் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். போகும்போதும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டார், குடித்தார், படுத்தார். அவ்வளவுதான்.

மகன் வேறு ஊரில் இருக்கிறான். காரியமெல்லாம் முடிந்ததும் "கிளம்பும்மா" என்றான். அவன் வீட்டில் அவளுக்கென்று ஒதுக்கிய அறையை அவள் பார்த்திருக்கிறாள். இஸ்திரி மேஜையும் பேரனுடைய சைக்கிளும் அங்கேதான் நிற்கும். மருமகள் நல்ல பெண். இஸ்திரி போட வரும்போதெல்லாம் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவாள். அந்தக் கதவு தட்டலை நினைத்தாலே இவளுக்கு என்னவோ செய்யும். இங்கே எந்தக் கதவையும் தட்ட ஆளில்லை என்பதும் இவளுக்குத் தெரியாமல் இல்லை. ராத்திரி ரேடியோவை அணைத்த பிறகு வீடு இருக்கிற இருப்பைச் சகிக்க முடியாது. ஆனாலும் இது அவள் வீடு. எந்த ஜன்னல் மழைக்கு உப்பும், எந்தக் குழாய் சொட்டும் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. "நீயே வண்டி ஓட்டற, நீயே கடைக்கு, டாக்டர்கிட்ட எல்லாம் போயிட்டு வர. சரி, வண்டி ஓடற வரைக்கும் உன் இஷ்டம்," என்றான் மகன். "வண்டி நின்னுச்சுன்னா மறு பேச்சு பேசாம என்கூட வந்துடணும்."

"சரிடா," என்று அவளும் வீறாப்பாகச் சொல்லிவிட்டாள்.

மகன் ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாக இருந்தது. ஸ்டேஷனுக்கு அவள்தான் காரை எடுத்துக்கொண்டு போவாள். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அந்த வாரத்தின் நடுவில், மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது முள் சரசரவென்று ஏறியது. முள்ளைப் பார்த்துப் பழகிய கண் அல்லவா, உடனே ஓரம் கட்டிவிட்டாள். முன்னாலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பிற்று. ரேடியேட்டரின் மேல் பக்கத்தில் குறுக்கே விரிசல். கையகலத்துக்குப் பச்சை நிறக் கூலண்ட் தண்ணீர் வழிந்து கிடந்தது. இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் விட்டார்கள்.

மெக்கானிக் வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்து வண்டியைச் சுற்றி ஒருமுறை வந்தார். "அம்மா, இதுக்குச் செலவு பண்றது வீண். பேசாம பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடுங்க," என்றார்.

"அதை அவர் இருக்கும்போது சொல்லியிருக்கணும்," என்று கேட்டைத் திறந்துவிட்டாள் அவள்.

மறுநாள் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் பஸ்ஸில் போனாள். பழைய ரேடியேட்டரின் அளவை நூலில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தாள். கடைக்காரர் அதே அளவில் புதிதாக ஒன்றை எடுத்துவைத்துவிட்டு, "யாரும்மா மாட்டப் போறாங்க?" என்றார்.

"நான்தான்."

"வீட்ல ஆம்பளை யாரும் இல்லையா?"

"ஒருத்தர் இருக்கார். போட்டோவில."

கடைக்காரர் ரப்பர் ஹோஸை இறுக்க இரண்டு புது கிளாம்ப்பைச் சும்மா கொடுத்து அனுப்பினார்.

கழற்றுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அடியில் துணி துவைக்கிற பேசினை வைத்து மிச்சத் தண்ணீரை இறக்கினாள். மேல் ஹோஸ் வந்துவிட்டது. கீழ் ஹோஸ் ஒட்டிக்கொண்டு அழும்பு பண்ணியது. அதைத் திருகித் திருகி, "நீயும் அவர் மாதிரியே இரு" என்று திட்டித் திட்டித்தான் எடுத்தாள். ஃபேனின் வயரைப் பிடுங்கி, மேலே இருந்த போல்ட்டுகளைக் கழற்றி, ரேடியேட்டரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வெளியே வைத்தாள். ஸ்பேனர்கள் அவர் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. ஒவ்வொன்றின் பிடியிலும் அவர் சுற்றிய கறுப்பு டேப். அதைப் பிடிக்கிறபோது அவர் கையைப் பிடிக்கிற மாதிரி இருந்தது என்று சொன்னால் அழகாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை, பிசுபிசுவென்று இருந்தது.

சனிக்கிழமை மதியம் புதியதை மாட்டி, கூலண்ட் ஊற்றி, வாய்வரை நிரப்பி மூடியை இறுக்கினாள். சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. புடவைகூட மாற்றாமல் தெருமுனைவரை ஓட்டினாள். அங்கே போவதற்குள் முள் பாதியைத் தாண்டி மேலே மேலே போயிற்று. எங்கேயும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனாலும் கொதிக்கிறது.

எப்படியோ வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். இஞ்சின் ஆறுகிறவரை சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷமாக இந்த வேலையில் பாதிதான் செய்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்து முள்ளைப் பார்த்த பாதி. பானெட்டுக்கு அந்தப் பக்கம் நடந்த பாதியை அவள் கண்ணால் கண்டதே இல்லை.

கண்ணால் காணவில்லை, காதால் கேட்டிருக்கிறாள். எக்ஸ்சேஞ்சுக் காது எதையும் மறக்காது. கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தங்களை வரிசையாக நினைத்துப் பார்த்தாள். முதலில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். அப்புறம் இஞ்சின். "கொடு." உடனே களக் களக் என்று எதுவோ கொப்பளிக்கும். "விடு." மறுபடி தண்ணீர். கொஞ்ச நேரத்தில் கொப்பளிப்பது நின்றுவிடும். அப்புறம் நெடுநேரம் இஞ்சினைத் தவிர ஒரு சத்தமும் இருக்காது. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் மூடியைத் திருகி இறுக்குகிற சத்தம் வரும்.

மூடி கடைசியில்! திறந்த வாயோடு இஞ்சினை ஓடவிட்டு, உள்ளே மாட்டிக்கொண்ட காற்றைக் கொப்பளிக்கவிட்டு வெளியேற்றிவிட்டுத்தான் மூடியிருக்கிறார். அவள் காற்றோடு சேர்த்து மூடிவிட்டாள். ஆனால் கொப்பளிப்பது நின்ற பிறகு அவ்வளவு நேரம் சத்தமில்லாமல் என்ன செய்தார்? எதையோ முடுக்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை எழுந்ததும் மூடியைத் திறந்துவைத்து ஆரம்பித்தாள். வழி தெரிந்துவிட்டது, ஆள்தான் இல்லை. உள்ளே ஏறி மிதித்துவிட்டு இறங்கி முன்னால் ஓடுவதற்குள் தண்ணீர் பொங்கி வழிந்து அடங்கியிருக்கும். ஊற்றிவிட்டு மறுபடி ஓடுவாள். ஆக்ஸிலேட்டரில் ஒரு செங்கல்லை வைத்துப் பார்த்தாள். இஞ்சின் வீறிட்ட வீறிடலில் பயந்து எடுத்துவிட்டாள். "ஒரே ஒரு ஆள்," என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள். ஊரையே ஊரோடு சேர்த்துவைத்தவளுக்குத் தனக்கென்று கூப்பிட ஒரு நம்பர் ஞாபகத்துக்கு வரவில்லை. பக்கத்து வீட்டைக் கேட்டிருக்கலாம். கேட்டால் தெருவே சொல்லும், பாவம் கிழவியால் முடியவில்லை என்று. அதற்கு இஸ்திரி மேஜை தேவலை.

ரயில் நேரம் தாண்டிவிட்டது. போன் அடித்தது. "அம்மா, எங்க இருக்க?"

"வாசல்ல," என்றாள். பொய் சொல்ல வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் மகன் வாடகைக் காரில் வந்து இறங்கினான். தூக்கியிருந்த பானெட்டையும், பேசினையும், அம்மாவின் முழங்கைவரை அப்பியிருந்த கறுப்பையும் பார்த்தான். சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னான்: "போதும்மா. பெட்டியைக் கட்டு."

"கட்டறேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவை சீட்டுல உக்காரு."

"அம்மா..."

"உக்காருடா. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். இது ஓடலைன்னா நானே பெட்டியைத் தூக்கிட்டு முன்னாடி நடக்கறேன்."

பையை வைத்துவிட்டு உட்கார்ந்தான். தலையணை இடித்தது, எடுத்துப் பக்கத்தில் போட்டான்.

"முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காதே. எங்க இருக்குன்னு சொல்லிட்டே வா. கொடு."

மிதித்தான். களக் களக் என்று கொப்பளித்தது. இத்தனை வருஷம் காதால் கேட்டதை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தாள். குமிழி குமிழியாகக் காற்று வந்து வாயில் வெடித்தது. "விடு," என்று சொல்லி ஊற்றினாள். "கொடு." மறுபடி கொப்பளித்தது. "கால்... கால் தாண்டிடுச்சு," என்று உள்ளேயிருந்து சொன்னான். குமிழிகள் குறைந்தன. முள் பாதிக்கு வந்து நின்றுவிட்டது என்றான். ஃபேன் ஓடி, நின்றது. நகரவில்லை என்றான்.

கீழ் ஹோஸில் ஒழுகுகிறதா என்று பார்க்க அவள் நன்றாகக் குனிந்தாள். ரேடியேட்டரின் வாய்க்கு நேராக முகம் வந்தது. கண்ணை நிமிர்த்தினாள்.

பானெட்டின் அடிப்பக்கத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு கையகல இடைவெளி இருந்தது. அதன் வழியாக மகனுடைய முகம் முழுசாகத் தெரிந்தது. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, உதட்டை லேசாகக் கடித்துக்கொண்டு, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. அவன் முகத்தை இவ்வளவு நேரம், அவனுக்குத் தெரியாமல், அவள் பார்த்துப் பல வருஷம் இருக்கும்.

அவளுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. கொப்பளிப்பது நின்ற பிறகு அந்த நெடுநேரம். "பாக்க வேண்டியதைத்தான்" என்ற அந்தப் பதில். பாவி மனுஷா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருப்பேனே என்று நினைத்தாள். அழுகை வந்தது. கறுப்புக் கையால் துடைத்துக்கொண்டதில் கன்னமெல்லாம் மசி ஆயிற்று.

"முள் அசையவே இல்லம்மா," என்றான் மகன், முள்ளைப் பார்த்தபடியே. "சரி, நீ ஜெயிச்சுட்ட. இங்கேயே இரு, இனிமே நான் ஒண்ணும் சொல்லலை. வேலை தலைக்கு மேல கிடக்கு, சாயங்கால ரயிலுக்கே கிளம்பிடறேன். இறங்கட்டுமா?"

ரேடியேட்டரில் தண்ணீர் தளும்பாமல் நின்றது. ஒரு குமிழிகூட வரவில்லை. மூடி அவள் கையில் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் இருக்கு," என்றாள் அவள். "உக்காரு."