சிராஜ் காக்கா குறைக்க மறுத்த எண்

சிராஜ் காக்கா இறந்துவிட்டார் என்ற மௌத்துச் செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்தபோது, சாய்ந்தமருதில் எங்கள் மென்பொருள் அலுவலகத்தைத் திறந்துகொண்டிருந்தேன். தகப்பன் பெயரையும் வீதியையும் சொன்ன பிறகும், அது வேறொரு சிராஜாக இருக்கட்டும் என்று மனம் அடம்பிடித்தது. முந்தின நாள் பின்னேரம்தான் நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போன மனிதர்.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவருடைய ஒரு பழக்கம் மறக்காது. பின்னேரம் அசர் தொழப் போகுமுன் கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரிக் கட்டளையைத் தட்டுவார். நாங்கள் எழுதிய நிரலின் ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே ஓர் எண் வந்து விழும். அந்தப் பகுதிக்குள் எத்தனை வழிகள் பிரிகின்றன என்பதைச் சொல்லும் எண். 'இப்படியென்றால் இது, இல்லையென்றால் அது' என்று நாம் எழுதும் ஒவ்வோர் இடமும் அதில் ஒன்றைக் கூட்டும். "பத்துக்கு மேல போனா எழுதினவனுக்கே விளங்காது" என்று சொல்லி, உடைத்து எழுத வைப்பார். நிரலுக்குப் பிரஷர் பார்க்கிறார் என்று பகிடி பண்ணுவோம். தன்னுடைய பிரஷரை அவர் பார்த்ததே இல்லையாம்.

இறந்தவரின் சொத்தை மார்க்கப்படி பங்கிடும் நிரல் ஒன்றை ஒரு சட்டத்தரணிக்காக எழுதினோம். ஒரு பகுதியைத் தவிர எல்லாவற்றையும் காக்கா பத்துக்குள் அடக்கிவிட்டார். ஒரே குடும்பத்தில் பலர் ஒன்றாக மௌத்தானால் என்ன செய்வது என்ற பகுதி அது. யார் முந்தி என்று தெரியாவிட்டால் ஒருவருக்கொருவர் வாரிசாகமாட்டார்கள். நாலு வரியில் முடிகிற சங்கதி. அதில் அவர் கேள்விக்கு மேல் கேள்வி வைத்திருந்தார். எண் முப்பத்தொன்று. எரிச்சலோடு வாசித்துக்கொண்டு போனேன். கடைசிக் கேள்வி, பிள்ளையின் சத்தத்தை யாராவது கேட்டார்களா என்பது. ஓம் என்றாலும் இல்லை என்றாலும் நிரல் ஒரே இடத்துக்குத்தான் போனது.

இதை எடுத்தால் எண் குறையுமே என்று காக்காவிடம் கேட்டேன். சுனாமியில் அவருடைய மனைவியும் மகளும் போனது ஊருக்கே தெரியும். அதை அவரிடம் யாரும் கதைப்பதில்லை.

"குறையும் தம்பி. அண்டைக்கு நான் வந்து சேரக்குள்ள எல்லாரும் மையத்தத்தான் தேடினாங்க, உசிரோட ஆரையும் தேடல்ல. புள்ள கூப்பிட்டாளா எண்டு நான் ஆருக்கிட்டயும் கேக்கல்ல. பயம். இதாவது கேக்கட்டும்."

அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பகுதிக்குப் போனேன்.

அடக்கம் முடிந்து சில நாட்களில் அவருடைய தம்பி வந்தார். காக்காவின் சொத்துப் பங்கீட்டையும் அவர் எழுதிய நிரலிலேயே பார்க்கவேண்டும் என்றார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, உம்மா வாப்பா இல்லை என்று தட்டிக்கொண்டே போனேன். ஒரு கிளையும் விரியாமல், எல்லாம் தம்பிக்கே என்று ஒற்றை வரியில் முடிந்தது. திரையைப் பார்த்தபடி "இவ்வளவுதானா?" என்று கேட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கேள்விகள் அதிகம், குறைத்துத் தாருங்கள் என்று சட்டத்தரணி இப்போது என்னிடம் சொல்கிறார். வேறு எதை வேண்டுமானாலும் குறைக்கிறேன். காக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கட்டளையும், பின்னேரங்களில் நான் அதைத் தட்டும்போது எல்லாவற்றுக்கும் மேலே வரும் முப்பத்தொன்றும்தான். அதை நான் முப்பதாக்கமாட்டேன்.