கை தேடும் மென்பொருள்

தொண்ணூறுகளின் கடைசியில், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கல்யாண கார்டு அச்சடிக்கும் கடை வைத்திருந்தார் ஓர் ஆன்டி. மூக்குக்கண்ணாடியைத் தலைமுடியில் ஏற்றிவிட்டு, மேசையெல்லாம் அதைத் தேடுவார்.

அவருடைய கணினியில் இருந்தவை பெரும்பாலும், யார் வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம் என்று யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த மென்பொருள்கள். வருடாவருடம் தீபாவளிக்கு முன் அவற்றை எழுதியவர்களில் ஒருவருக்குப் பணம் அனுப்புவார். யாருக்கு என்று முடிவெடுக்க, வாரத்துக்கு ஒரு மென்பொருளை அழித்துப் பார்ப்பார்.

தமிழில் தட்டச்சு செய்யும் மென்பொருளை அழித்த வாரம் நான் போய் நின்றேன்.

"என்ன ஆன்டி இது! தங்கச்சி கார்டு எப்ப ரெடியாகும்?"

"நாளைக்கே திரும்பப் போட்டுருவேன் லா. இருக்கும்போது எல்லாமே நல்லாத்தான் தெரியும். இல்லாதப்போ கை எதைத் தேடுதோ, அதுக்குத்தான் காசு."

"அப்ப இந்த வருஷம்?"

"இதுக்குத்தான். காலையிலேருந்து எனக்கு வேலையே ஓடல."

நான் கிள்ளானுக்குக் குடிபோய், பல வருடம் கழித்து வந்தபோது அந்தக் கடையில் கைப்பேசி விற்றார்கள். ஆன்டி எங்கே என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கம் போனால் என் கண் இன்னும், தலைமுடியில் ஏறிய அந்தக் கண்ணாடியைத் தேடுகிறது.

அவர் வழக்கப்படி என் காசு அவருக்குத்தான். எங்கே அனுப்புவது?