தூசி படியாத சட்டை

அந்தக் கோடையில் நெய்வேலி வெயில் எங்கள் வீட்டு வாசலில் போலீஸ்காரரைப் போல் நின்றது. எதையும் கேட்கவில்லை, போகவும் இல்லை. சித்தியின் பிரசவத்துக்குத் துணையென்று தீபாவளி கழிந்ததும் மதுரைக்குப் போன அம்மா இன்னும் திரும்பவில்லை. அப்பா சுரங்கத்தில் பகல் ஷிப்ட். பள்ளி விடுமுறையில் வீட்டில் நானும், மாமா விட்டுச்சென்ற ஒரு கட்டுத் துப்பறியும் நாவல்களும் மட்டுமே.

அவற்றின் துப்பறிவாளர்கள் தனியாக உண்பார்கள், குறைவாகப் பேசுவார்கள், ஒருவரையும் நம்பமாட்டார்கள். முதலிரண்டும் எனக்கு ஏற்கெனவே கைவந்திருந்தன. மூன்றாவதைப் பழக ஒரு வழக்கு தேவைப்பட்டது.

அதை அப்பாவின் சட்டை தந்தது. சுரங்கத்திலிருந்து திரும்பும் சட்டையில் பழுப்புத் தூசி அப்பியிருக்கும்; அதைத் தேய்த்தெடுப்பதற்குள் அம்மாவின் விரல்கள் சிவந்துவிடும். அம்மா போனபின் அந்தச் சட்டையில் தூசியே இல்லை. சுரங்கத்துக்குப் போனவர் தூசியின்றி வருவது, குளத்தில் விழுந்தவர் நனையாமல் எழுவதைப் போன்றது. ஆகவே அப்பாவுக்கு வேலை போய்விட்டது, மறைக்கிறார். வேலை போனால் அதனோடு வந்த குவார்ட்டர்ஸும் போகும். பிறகு அம்மா திரும்பி வந்து எந்தக் கதவைத் தட்டுவாள்?

அப்பாவின் மழைக்கோட்டை அணிந்துகொண்டு புறப்பட்டேன். அது தெருவைப் பெருக்கிக்கொண்டே வந்தது. கம்மாபுரத்துக்காரரான பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டார்.

“இன்னா பாப்பா, மண்டைய பொளக்குற வெயில்ல மழக்கோட்ட மாட்டிக்கினு எங்க கெளம்பிட்ட?”

“ஒரு வழக்கு விஷயமா.”

“வழக்கா? மொதல்ல சோறு துன்னுட்டுப் போ.”

பேருந்து நிறுத்தத்தில் புங்கமரத்தின் பின்னே நின்றேன். சுரங்கப் பேருந்திலிருந்து இறங்கியவர்கள் எல்லாரும் பழுப்பு. அப்பா மட்டும் பளிச்சென்றிருந்தார். பாய்ந்து வழிமறித்தேன்.

“உண்மையச் சொல்லுங்கப்பா. நீங்க வேலைக்குப் போறதில்லதானே?”

அப்பா வாய் திறக்குமுன் அவரோடு இறங்கியவர் சிரித்துவிட்டார்.

“போகாம இன்னா? ஷிப்ட் முடிஞ்சதும் அங்கியே சட்டைய அலசிப் புழிஞ்சி, ஈரத்தோட மாட்டிக்கினு பஸ் ஏறுறாரு. நனைஞ்சிடும்னு ஒருத்தனும் அவராண்ட குந்தறதில்ல. ஏண்ணேன்னு கேட்டா, இல்லாங்காட்டி வூட்ல பாப்பால்ல தொவைக்கணும்ன்றாரு.”

தொட்டுப் பார்த்தேன். சட்டையின் ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது. வழக்கு முடிந்தது. வேலை இருந்தது, அம்மா தட்டுவதற்குக் கதவும் இருந்தது.

“அம்மா எப்பப்பா வருவாங்க?”

“சித்திக்கு உடம்பு தேறட்டும்மா.”

நடந்துகொண்டே கைபேசியில் சித்தியின் மகனைக் காட்டினார். அவன் எதிலும் சாயாமல் உட்கார்ந்து, புதிதாய் முளைத்த இரண்டு பற்களும் தெரியச் சிரித்தான். பல் முளைத்த பிள்ளையின் தாய்க்கு இன்னும் என்ன பிரசவத்துணை என்று, இல்லாத தூசியைக் கண்டுபிடித்த துப்பறிவாளருக்குத் தோன்றவே இல்லை.

“அழகாச் சிரிக்கிறான்பா” என்றேன்.

அப்பா படத்தை அணைத்துவிட்டு, என் மழைக்கோட்டின் நுனி புழுதியில் இழுபடாதபடி தூக்கிப் பிடித்துக்கொண்டார்.