தலையில் கட்டிய கேமரா

பனியன் கம்பெனியில் நான் சட்டை மடிக்கிறவள். எழுதப் படிக்க எனக்கு அவ்வளவாக வராது. மடிக்க வரும். நான் மடித்து அடுக்கியதை யாரும் பிரித்துத் திரும்ப மடித்ததில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

போன வருஷம் பெங்களூரிலிருந்து ஒரு பெண் வந்து என் தலையில் பட்டை போட்டுக் கேமராவைக் கட்டினாள். நான் மடிப்பதைப் படம் பிடித்து மிஷினுக்குக் காட்டுவார்களாம். பார்த்துப் பார்த்து அது மடிக்கப் பழகிக்கொள்ளுமாம்.

"ஏனுங்க்கா, கிரீடமெல்லாம் கட்டீட்டு கல்யாணத்துக்குங்களா?" என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

"நீயும் வா. பந்தியில எலை எடுக்க ஆள் வேணுமாம்."

சிரித்து முடித்த பிறகு அவளே கேட்டாள், "அது பழகீட்டா நம்ம கதி என்னங்க்கா?"

எங்கள் வீட்டில் சம்பாதிக்கும் கை என்னுடையது மட்டும்தான். கேமராப் பெண்ணிடமே கேட்டுவிட்டேன்.

"ஏங் கண்ணு, இது பழகீட்டா எனக்கு வேலை இருக்குமா?"

"இப்போதைக்கு இருக்கும்மா."

என் வீட்டுக்காரரைப் பற்றி டாக்டரும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்.

இருந்தாலும் கட்டிக்கொண்டேன். நான் மாட்டேன் என்றால் பக்கத்து மேஜைக்காரியின் தலையில் கட்டுவார்கள். அவள் மடிப்பதைப் பார்த்து மிஷின் பழகினால் கம்பெனி உருப்படாது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண், "அம்மா, மெதுவா மடிங்க, கை தெரியல" என்றாள். இந்தக் கம்பெனிக்கு வந்த நாளிலிருந்து யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. மெதுவாக மடித்தேன். சூப்பர்வைசர் ஓடி வந்தார். "என்னங்கம்மா, தூக்கங்களா? லாரி நிக்குதுங்க" என்றார். நான் அந்தப் பெண்ணைக் காட்டினேன். அவள் முதலாளி அறையைக் காட்டினாள். சூப்பர்வைசர் வந்த வழியே போய்விட்டார்.

தீபாவளி கழித்து மிஷின் வந்தது. கை இரண்டு, தலை இல்லை. நன்றாகத்தான் மடித்தது. என்னிடம் பழகியது வேறு எப்படி மடிக்கும்? ஆனால் குவியலிலிருந்து ஒரு சட்டையைத் தனியாக எடுக்க அதற்கு வரவில்லை. எடுத்து, கழுத்தை மேலே வைத்து, ஒவ்வொன்றாக அதன் முன்னால் விரித்துப் போட ஆள் வேண்டும்.

பக்கத்து மேஜைக்காரியை நூல் பிசிர் வெட்ட அனுப்பிவிட்டார்கள். என்னிடம் சூப்பர்வைசர், "நீங்க மிஷினுக்குக் கைமடியா நில்லுங்கம்மா" என்றார்.

கைமடி என்றால் டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுக்கிற ஆள். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களை அதில்தான் நிறுத்துவார்கள். நான் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினேன். வீட்டுக்குப் போய் எதை வைத்து அடுப்புப் பற்றவைப்பது என்று தெரியவில்லை. கழற்றிவிட்டு வந்து நின்றேன்.

டீக்கு மணி அடித்தது. போனேன். துணி போட ஆளில்லாமல் மிஷின் இரண்டு கையையும் தூக்கியபடி நின்றது. சூப்பர்வைசர் என் பின்னாலேயே வந்துவிட்டார்.

"சீக்கிரம் குடிச்சுட்டு வாங்கம்மா, மிஷின் சும்மா நிக்குதுங்க."

"நிக்கட்டுங்க தம்பி. அதுக்கென்ன காலா வலிக்கப் போவுது?"

டீ நல்ல சூடு. ஊதி ஊதிக் குடித்தேன்.