நாணு மாஷ் வீட்டு வழி

செருப்புச் சத்தம் கேட்டதும் நாணு மாஷ் காலைத் தூக்கிக்கொள்வார். கண் பேப்பரிலேயே இருக்கும். அவருடைய சாய்வு நாற்காலிக்கு முன்னால், கூடத்தின் நடுவே, ஆட்கள் போகிற வழி. முன்வாசலில் நுழைந்தவர் அவர் கால் இருந்த இடத்தைக் கடந்து பின்வாசலில் இறங்கியதும் கால் மறுபடி தரைக்கு வரும். விடிந்ததிலிருந்து அவர் கல்லூரிக்குக் கிளம்பும் வரை இந்தத் தேகப்பயிற்சி நடக்கிறது. தொப்பைதான் கரைந்தபாடில்லை.

மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் அடுக்கிய கிடங்குகளுக்கு நடுவே அவர் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமாகக் கிடக்கிறது. முன்வாசல் ஒரு சந்தில், பின்வாசல் பஸ் போகிற ரோட்டில். பக்கத்திலேயே ஒரு இடுக்கு இருந்தது. சந்துக்காரர்கள் அதன் வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போவார்கள். கிடங்குக்காரர் ஒரு நாள் அதில் மதில் எழுப்பிவிட்டார். அந்த வருஷ மழையில் காயல் தண்ணீர் வேறு சந்துக்குள் ஏறி நின்றது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தவித்து நின்ற பெண்களைப் பார்த்து, "இப்படி உள்ளே பூந்து போங்கோடி" என்று கதவைத் திறந்துவிட்டவள் நாணு மாஷின் மனைவி விசாலாக்ஷி. தண்ணீர் வடிந்துவிட்டது. ஜனங்கள் வடியவில்லை.

கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்க்கும் ராமாத்தாள்தான் முதல் ஆள். அவளுக்குப் பின்னால் ஆஸ்பத்திரி நர்ஸ் மஞ்சுஷா, பள்ளிக்கூடப் பிள்ளைகள், எர்ணாகுளம் கடைகளுக்குப் போகிறவர்கள். மீன் கூடைக்காரர் மட்டும் சுற்றிக்கொண்டு போவார். யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவராகவே வைத்துக்கொண்ட மரியாதை அது. பாலக்காட்டிலிருந்து வந்த பெரியப்பா ஒருவர், துடைப்பத்தோடு ராமாத்தாள் கூடத்தில் நடந்து போவதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே ஊருக்குத் திரும்பினார். "போகட்டும், சாதம் மிச்சம்" என்றாள் விசாலாக்ஷி.

நாணு மாஷுக்கு இதில் ஏகப்பட்ட பெருமை. திருப்பூணித்துறையில் ஒரு தனியார் கட்டடக்கலைக் கல்லூரியில் அவர் நகர அமைப்பின் வரலாறு நடத்துகிறார். ஊர்கள் எப்படி உண்டாயின, யார் யார் அவற்றைத் திருத்த வந்தார்கள், வந்தவர்கள் எதையெல்லாம் கெடுத்துவிட்டுப் போனார்கள் என்பதுதான் பாடம். ஒவ்வொரு பாடமும் முதலில் வீட்டில் விசாலாக்ஷியிடம் அரங்கேறும். பழைய பாரீஸின் சந்துகளை இடித்துத் தள்ளி நூல் பிடித்தாற்போல் சாலை போட்ட அதிகாரியும், ஊரைச் சுற்றி வயலும் தோப்புமாக வளையம் கட்டச் சொன்ன இங்கிலீஷ்காரரும், தெருவில் நடக்கிறவர்களின் கண்தான் தெருவுக்குக் காவல் என்று சொல்லி நியூயார்க்கில் நெடுஞ்சாலையை எதிர்த்து நின்ற பெண்மணியும் அவளுக்கு நாத்தனார் வீட்டு மனிதர்கள் போலப் பழக்கம்.

அவர்களில் நாணு மாஷுக்கு ஆகவே ஆகாதவர்கள் கப்பல்காரர்கள். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் பெரிய பெரிய கட்டடக் கலைஞர்கள் கூடி ஒரு கப்பலில் ஏறினார்கள். கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு நகரத்தைக் கூறு போட்டார்கள்: குடியிருக்க ஒரு பகுதி, வேலை செய்ய ஒரு பகுதி, பொழுதுபோக்க ஒரு பகுதி, போய்வரத் தனி வழி, ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. இந்தப் பாடம் வருகிற அன்று மாஷின் குரல் ஏறிவிடும். "மனுஷாளைப் பாக்காம, தண்ணியைப் பாத்துண்டு கோடு போட்டான், கேட்டேளா" என்று நாற்காலிக் கையைத் தட்டுவார்.

வெளியே போனாலும் தொழில் புத்தி விடாது. கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் கூட்டம் முட்டிக்கொள்கிறதா, மாஷ் பந்தியை மறந்து அங்கே போய் நின்றுவிடுவார். தோப்பும்படிப் பாலத்தடியில் கோடு போட்ட இடத்தில் ரோட்டைக் கடக்க மாட்டார்; ஜனங்கள் எங்கே கடக்கிறார்களோ அங்கேதான் கடப்பார். அதற்காகப் போலீஸ்காரரிடம் ஒரு தடவை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். புல்தரையில் நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதையைக் கண்டால் ஒரு நிமிஷம் நின்று பார்க்காமல் போகத் தெரியாது அவருக்கு.

இவ்வளவு தெரிந்த மனிதர் சொந்த வீட்டில் கோட்டை விட்டதுதான் கதை.

விசாலாக்ஷிக்கு முழங்கால் வலி முற்றி, படியிறங்குவது நின்றுபோய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கூடத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காய் நறுக்குவாள். நறுக்கிக்கொண்டே முணுமுணுப்பாள். "இது வீடா, பஸ் ஸ்டாண்டா? தலை பின்னிக்க ஒரு மூலை உண்டா இந்த ஆத்துல?" முணுமுணுத்த வாயாலேயே மஞ்சுஷாவிடம், நேற்று வந்து பார்த்துவிட்டுப் போன பையனைப் பற்றி விசாரிப்பாள், ராமாத்தாளின் தூக்குவாளியில் கொஞ்சம் மோர்க்கூட்டான் ஊற்றுவாள். நாணு மாஷ் காதில் முணுமுணுப்பு மட்டும் விழுந்தது. பேப்பர் படித்துக்கொண்டே கேட்டால் அப்படித்தான் விழும்.

ஓண லீவில் தச்சரைக் கூப்பிட்டார். கூடத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, ஆள் உயரத்துக்கு மேல் பிளைவுட் தடுப்பு வந்தது. ஒரு பக்கம் விசாலாக்ஷிக்கு, மறு பக்கம் வழிக்கு. வழியில் விளக்கு, வழுக்காத தரை, மூச்சு வாங்கினால் உட்கார ஒரு பெஞ்சு, இரண்டு குரோட்டன்ஸ் தொட்டி. சந்துக்காரர்களைத் தாமே அழைத்துக் காட்டினார். இனிமேல் மாமிக்கும் தொந்தரவில்லை, உங்களுக்கும் கூச்சமில்லை, ராஜபாட்டையாகப் போகலாம் என்றார். எல்லோரும் நன்றாயிருக்கிறது என்றார்கள்.

முதல் நாள் எல்லோரும் வந்தார்கள். அப்புறம் கடைகளுக்குப் போகிறவர்கள் நின்றார்கள். அப்புறம் மஞ்சுஷா. ஓண லீவு முடிவதற்குள் வழியில் விளக்கும் குரோட்டன்ஸும் மட்டும் இருந்தன. மாஷ் காப்பி டம்ளரோடு பெஞ்சில் தாமே உட்கார்ந்து பார்த்தார். தூக்குவதற்குக் காலிருந்தது, செருப்புச் சத்தம்தான் இல்லை.

ஒரு நாள் தூறலில், வேலை முடிந்து கிடங்கு மதிலைச் சுற்றிக்கொண்டு வேகவேகமாகப் போன ராமாத்தாளைப் பஸ் ரோட்டில் பிடித்தார். நல்ல வழி இருக்க ஏன் இப்படி என்று கேட்டார். அவள் குடையைச் சாய்த்து அவருக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"கோவிக்காதீங்க மாஷே. முன்னெல்லாம் மாமியக் கண்டு ரெண்டு வார்த்தை மிண்டிட்டுப் போவோம். இப்போ பலகைக்கு அந்தப் பக்கம் மாமி இருமுறது கேக்குது, மொகம் காணல. கூப்பிடலாமா வேண்டாமான்னும் தெரியல. ஒருத்தர் வீட்டுக்குள்ள கள்ளன் மாதிரி போவுறதுக்கு, கொஞ்சம் சுத்திப் போனா என்ன, பின்னே?"

நாணு மாஷ் குடையிலிருந்து விலகினார். நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் விசாலாக்ஷி கோவைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பிளைவுட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பொழுது உச்சிக்கு வந்தும் தலை பின்னியிருக்கவில்லை. பின்னிக்கொள்ள ஒரு முழு அறையே இருந்தும் பின்னவில்லை. அவர் துண்டால் தலையைத் துவட்டுவதைப் பார்த்துவிட்டு, மஞ்சுஷாவுக்கு நிச்சயம் ஆகிவிட்டதாம், பால்காரன் சொல்லித்தான் தெரிந்தது என்றாள். அது அவளுக்கு எவ்வளவு பெரிய அடி என்று மாஷுக்கு அப்போதுதான் உறைத்தது. படியிறங்க முடியாதவளுக்கு ஊர் என்றால் அந்த நடைதான். அதைப் பலகை வைத்து அடைத்தது அவர்.

"உனக்குத் தொந்தரவுன்னு நீதானே சொல்லிண்டிருந்தே விசாலம்?" என்றார்.

"சொன்னேன். சொல்றதுக்கு ஆள் வந்தா, சொன்னேன்." கத்தியைக் கீழே வைத்தாள். "இத்தனை வருஷமா அந்தக் கப்பல்காராளை இதே கூடத்துல நின்னுண்டு திட்டறேளே. இருக்கறதுக்கு ஒரு பக்கம், போறதுக்கு ஒரு பக்கம்னு அவா பண்ணினதைத்தான் நீங்களும் பண்ணியிருக்கேள், ஆக்கும். அவா கடலைப் பாத்தா. நீங்க பேப்பரைப் பாத்தேள்."

திட்டவில்லை அவள், சாதாரணமாகத்தான் சொன்னாள். மாஷுக்கு முகம் சுண்டிவிட்டது. தச்சருக்குக்கூடக் காத்திருக்கவில்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்துத் தாமே கழற்றினார். ஆணி கழலாத இடத்தில் இழுத்தார், பலகை அவர் பெருவிரலில் விழுந்தது. சாயங்காலத்துக்குள் கூடம் பழைய கூடமாயிற்று. பெஞ்சும் தொட்டிகளும் கொல்லைப் பக்கம் போயின.

மறுநாள் விடியும்போதே இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து வைத்தார். ஒருவரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. போய்க் கூப்பிடலாமா என்று நினைத்தார். என்னவென்று கூப்பிடுவது? வந்து என் வீட்டுக்குள் நடங்கள் என்றா? நடந்து நடந்து விழுந்த பாதை அது. உத்தரவு போட்டு விழ வைக்க முடியாது. வருஷா வருஷம் அவரே வகுப்பில் சொல்கிற சங்கதிதான்.

மூன்றாம் நாள் விசாலாக்ஷி எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியை ஒவ்வொரு அடியாகத் தள்ளித் தள்ளி முன்வாசல் நிலைப்படி வரை கொண்டுபோனாள். உதவ வந்த மாஷைக் கையால் விலக்கினாள். அங்கே உட்கார்ந்து, சந்தைப் பார்த்தபடி அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். ராமாத்தாள் வேலை முடிந்து திரும்பும் நேரம்.

"ஏண்டி ராமாத்தா," என்று அவள் குரல் சந்து முழுக்கக் கேட்டது. "கண்ணே தெரியலையா உனக்கு? மோர்க்கூட்டான் வச்சு வச்சு, நானே சாப்பிடறேன்."

ராமாத்தாள் என்ன சொன்னாள் என்பது மாஷுக்குக் கேட்கவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது.

அடுத்த நாள் காலை. விசாலாக்ஷி பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தாள், தலை பின்னியிருந்தது. நாணு மாஷ் சாய்வு நாற்காலியில், கட்டுப் போட்ட பெருவிரலை நீட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதாவது, ஒரே பக்கத்தை வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வாசலில் தூக்குவாளி இடித்த ஓசை கேட்டது. பின்னாலேயே இன்னும் இரண்டு மூன்று ஜோடிச் செருப்புகள்.

"வந்துட்டா எல்லாரும்," என்று முணுமுணுத்தாள் விசாலாக்ஷி. "இது வீடா, பஸ் ஸ்டாண்டா?"

நாணு மாஷ் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் காலைத் தூக்கிக்கொண்டார்.